சட்ட இன்டர்ன்ஷிப்: ஆங்கில விண்ணப்பமும் நேர்காணலும் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தமிழ்நாட்டுச் சட்டக் கல்லூரிகளில் படிப்பவர்கள், குறிப்பாகப் பள்ளிப் படிப்பைத் தமிழ் வழியில் முடித்தவர்கள், இன்டர்ன்ஷிப்புக்கு விண்ணப்பிக்கும் பருவம் வந்ததும் கேட்கும் கேள்விகள் ஆண்டுதோறும் ஏறத்தாழ ஒன்றாகவே இருக்கின்றன. அவற்றைக் கேட்டவர்களின் சொற்களிலேயே தொகுத்து விடைகளோடு தருகிறேன். பெரும்பாலான கேள்விகளின் அடியில் ஆங்கிலத்தைப் பற்றிய அச்சமே இருப்பதால், விடைகளிலும் அதற்கே அதிக இடம் போயிருக்கிறது.

இன்டர்ன்ஷிப் கட்டாயமா, விருப்பம் இருந்தால் செய்தால் போதுமா?

கட்டாயம். இந்திய பார் கவுன்சிலின் 2008-ஆம் ஆண்டுச் சட்டக் கல்வி விதிகளின்படி, மூன்றாண்டுப் படிப்பில் இருப்பவர் குறைந்தது 12 வாரங்களும் ஐந்தாண்டுப் படிப்பில் இருப்பவர் குறைந்தது 20 வாரங்களும் இன்டர்ன்ஷிப் முடித்திருக்க வேண்டும். எந்த ஆண்டிலும் தொடர்ச்சியாக நான்கு வாரங்களுக்கு மேல் செய்யக் கூடாது என்றும், படிப்பு முடிவதற்குள் விசாரணை நீதிமன்ற வழக்கறிஞரிடமும் மேல்முறையீட்டு நீதிமன்ற வழக்கறிஞரிடமும் ஒரு முறையாவது இருந்திருக்க வேண்டும் என்றும் அதே விதி சொல்கிறது. ஆகவே இறுதியாண்டில் மொத்தமாகப் பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிப்போட வழியில்லை.

இன்டர்ன்ஷிப் நாட்குறிப்பு ஒன்றை எழுதி வர வேண்டும் என்பதும் விதியில் உண்டு. பலர் அதைக் கடைசி வாரத்தில் உட்கார்ந்து ஒரே மூச்சில் நிரப்புகிறார்கள். அன்றன்று எழுதிய நாட்குறிப்பு நேர்காணலில் எவ்வளவு உதவும் என்பது பின்னால் வரும் விடைகளில் தெரியும்.

முதலாமாண்டு, இரண்டாமாண்டில் இருப்பவர் எங்கே விண்ணப்பிப்பது?

மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழு, ஊரில் உள்ள விசாரணை நீதிமன்ற வழக்கறிஞரின் சேம்பர் (அலுவலகம்), தொண்டு நிறுவனங்கள் ஆகியவை தொடக்கத்துக்குப் பொருத்தமானவை. உயர் நீதிமன்ற வழக்கறிஞர்களின் சேம்பர்கள் சென்னையில் பாரிமுனையைச் சுற்றியுள்ள தம்பு செட்டித் தெரு, லிங்கி செட்டித் தெரு, அரண்மனைக்காரன் தெரு ஆகியவற்றில் நெருக்கமாக இருக்கின்றன. தென் மாவட்டத்தவர்களுக்கு 2004 முதல் இயங்கும் மதுரைக் கிளை அருகிலேயே இருக்கிறது. தேசிய மனித உரிமைகள் ஆணையமும் மாணவர்களை இன்டர்ன்ஷிப்புக்கு எடுத்துக்கொள்கிறது. மும்பை, டெல்லி, பெங்களூரு ஆகிய நகரங்களின் பெரிய சட்ட நிறுவனங்கள் பொதுவாகப் படிப்பின் கடைசி ஆண்டுகளில் இருக்கும் மாணவர்களையே விரும்புவதோடு, பல மாதங்களுக்கு முன்பே இடங்களை நிரப்பியும் விடுகின்றன.

பன்னிரண்டாம் வகுப்பு வரை தமிழ் வழியில் படித்தேன். ஆங்கிலம் படித்தால் புரியும், பேச வராது. ஆங்கிலத்தில் நேர்காணல் நடத்தும் இடங்களை விட்டுவிட வேண்டியதுதானா?

விட வேண்டாம். அரசமைப்புச் சட்டத்தின் 348-ஆம் உறுப்பின் காரணமாக உயர் நீதிமன்றத்தின் நடைமுறை மொழி ஆங்கிலமாக இருக்கிறது. அதனால் சேம்பரில் ஆங்கிலம் தேவைப்படும் என்பது உண்மை. ஆனால் அங்கே தேவைப்படுவது குறுகிய வட்டத்துக்குள் அடங்கும் ஆங்கிலம். வழக்கின் சம்பவங்களைத் தேதி வரிசையில் சொல்லவும், எழும் சட்டக் கேள்வியை ஒரு வாக்கியத்தில் வைக்கவும், நீதிமன்றம் என்ன முடிவு சொன்னது என்று பிசகாமல் கூறவும் தெரிந்தால், நேர்காணலின் பெரும்பகுதியைக் கடந்துவிடலாம். உச்சரிப்பையோ வேகத்தையோ பார்த்து ஆளெடுக்கும் சீனியர்களும் இல்லாமல் இல்லை. அவர்களை நம்மால் மாற்ற முடியாது, தயாரிப்பை அவர்களுக்காக அமைத்துக்கொள்ளவும் தேவையில்லை.

இன்னொரு பக்கமும் இருக்கிறது. கீழமை நீதிமன்றங்களிலிருந்து வரும் ஆவணங்களில் பெரும்பகுதி தமிழில்தான் இருக்கும். கிரயப் பத்திரம், பாகப்பிரிவினைப் பத்திரம், பட்டா, அடங்கல், வில்லங்கச் சான்று, முதல் தகவல் அறிக்கை, சாட்சிகளின் வாக்குமூலம் ஆகியவற்றைப் படித்து, ஆங்கிலத்தில் சுருக்கி, டைப்டு செட்டில் (நீதிமன்றத்தில் தாக்கல் செய்யும் ஆவணத் தொகுப்பில்) சேர்ப்பதற்கு ஏற்றபடி மொழிபெயர்க்க ஓர் ஆள் எந்தச் சேம்பருக்கும் தேவை. ‘நான்கு மால்’ (சொத்தின் நான்கு எல்லைகள்) எழுதிய பழைய பத்திரத்தைத் தடுமாறாமல் படிப்பவர், ஆங்கிலப் பள்ளியில் படித்தவர்களிடையே குறைவு. அந்தத் திறமையை மறைத்து வைப்பவர்களைத்தான் அதிகம் பார்க்கிறேன். ரெஸ்யூமில் அதற்கு ஒரு வரி ஒதுக்குங்கள்.

ரெஸ்யூம் எத்தனை பக்கம் இருக்க வேண்டும்? எதை எழுதுவது, எதை விடுவது?

மாணவருக்கு ஒரு பக்கம் போதும். பெயர், தொலைபேசி எண், மின்னஞ்சல், கல்லூரி, ஆண்டு, முந்தைய இன்டர்ன்ஷிப்புகள், மூட் கோர்ட் (மாதிரி நீதிமன்ற வாதப் போட்டி), எழுதிய கட்டுரைகள், தெரிந்த மொழிகள் ஆகியவை இருந்தால் போதுமானது. தந்தை பெயர், சாதி, மதம், திருமண நிலை, ‘மேற்கண்டவை யாவும் உண்மை’ என்ற உறுதிமொழி ஆகியவை அரசு விண்ணப்பப் படிவத்தின் பழக்கத்தால் நுழைபவை. நீக்கிவிடலாம்.

முந்தைய இன்டர்ன்ஷிப்பை எழுதும்போது இடத்தையும் தேதியையும் மட்டும் போட்டு நிறுத்திவிடாதீர்கள். ‘பல வழக்குகளில் உதவினேன்’ என்று எழுதினால் படிப்பவருக்கு ஒன்றும் தெரியாது. ‘காசோலை வழக்கில் சட்டப்படியான அறிவிப்பின் வரைவைத் தயாரித்தேன்’, ‘சொத்து வழக்கில் 1970-க்குப் பிந்தைய பத்திரங்களைத் தேதி வரிசைப்படுத்தினேன்’ என்று எழுதினால், நேர்காணலில் அதிலிருந்தே கேள்வி பிறக்கும். நமக்குத் தெரிந்த இடத்திலிருந்து கேள்வி வர வேண்டும் என்பதே ரெஸ்யூம் எழுதுவதன் சூட்சுமம். அதனாலேயே ஐந்து நிமிடம் பேச முடியாத எதையும் அதில் எழுதக் கூடாது. மூட் கோர்ட்டில் பார்வையாளராக உட்கார்ந்திருந்தது ‘பங்கேற்பு’ ஆகாது.

மின்னஞ்சலில் ரெஸ்யூமை இணைத்து அனுப்பினால் போதாதா? கவர் லெட்டர் வேறு எதற்கு?

தனிச் சேம்பருக்கு அனுப்பும்போது மின்னஞ்சலின் உடலே கவர் லெட்டராக இருக்கலாம். நிறுவனங்கள் தனியாகக் கேட்டால் தனியாக இணைக்க வேண்டும். இரண்டுக்கும் உள்ளடக்கம் ஒன்றுதான்: நீங்கள் யார், எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதி வரை வர முடியும், ஏன் குறிப்பாக அந்த இடத்தைத் தேர்ந்தெடுத்தீர்கள், உங்களால் என்ன வேலை செய்ய முடியும். இவை நான்கும் பன்னிரண்டு, பதினைந்து வாக்கியங்களுக்குள் அடங்கும். பொருள் வரியில் விண்ணப்பம் என்பதையும் மாதத்தையும் உங்கள் ஆண்டையும் எழுதுங்கள். அதை வெறுமையாக விட்டு வரும் மின்னஞ்சல் பெரும்பாலும் திறக்கப்படுவதே இல்லை.

விளியில் பெறுபவரின் பெயரை எழுத்துப் பிழையில்லாமல் எழுதுங்கள். ‘ரெஸ்பெக்டட் சார்’ என்பது நம் ஊர்ச் சேம்பர்களில் யாருக்கும் தவறாகப் படாது. ஆனால் பெண் வழக்கறிஞருக்கு ‘சார்’ என்று போவது, ஒரே மின்னஞ்சலை நாற்பது பேருக்கு ஒன்றாக அனுப்பி எல்லோருடைய முகவரியும் எல்லோருக்கும் தெரிவது ஆகிய இரண்டும் விண்ணப்பத்தை அங்கேயே முடித்துவிடும். ‘சிறு வயது முதலே நீதியின் மீது எனக்குத் தணியாத தாகம்’ என்ற வகையிலான தொடக்கத்தையும் தவிர்க்கலாம். படிப்பவர் அதே வாக்கியத்தை அன்று காலையிலேயே வேறொருவரின் கடிதத்தில் பார்த்திருப்பார்.

சாட்ஜிபிடி போன்ற கருவியைக் கொண்டு கவர் லெட்டர் எழுதலாமா?

நீங்கள் எழுதியதன் இலக்கணத்தைச் சரிபார்க்கப் பயன்படுத்துவதில் பிழையில்லை. முழுவதையும் எழுதித் தரச் சொன்னால், உங்களால் நேரில் பேச முடியாத ஆங்கிலம் உங்கள் பெயரில் போய்விடும். கடிதத்துக்கும் பேச்சுக்கும் உள்ள இடைவெளி நேர்காணலின் முதல் இரண்டு நிமிடங்களில் வெளிப்பட்டுவிடும். எளிய, பிழையற்ற வாக்கியங்களில் நீங்களே எழுதிய கடிதம் அதைவிடப் பாதுகாப்பானது.

சட்ட ஆய்வுக்குப் பயன்படுத்துவது இன்னும் ஆபத்து. நியூயார்க்கில் 2023-இல் மாட்டா எதிர் ஏவியாங்கா வழக்கில், இக்கருவி கற்பனையாக உருவாக்கிய தீர்ப்புகளைச் சரிபார்க்காமல் நீதிமன்றத்தில் மேற்கோள் காட்டியதற்காக வழக்கறிஞர்களுக்கு 5,000 டாலர் அபராதம் விதிக்கப்பட்டது. இந்த வழக்கு நேர்காணலிலேயே கேட்கப்படலாம்.

அனுப்பி இரண்டு வாரம் ஆகிறது, பதில் இல்லை. மறுபடி எழுதினால் தொந்தரவாக நினைப்பார்களா?

அதே மின்னஞ்சலின் தொடர்ச்சியாக இரண்டு வரியில் ஒரு முறை நினைவூட்டலாம். தனிச் சேம்பராக இருந்தால் மாலை ஆறு மணிக்கு மேல், நீதிமன்ற நேரம் முடிந்தபின், நேரில் சென்று குமாஸ்தாவிடம் ரெஸ்யூமைக் கொடுப்பது இன்றும் மின்னஞ்சலைவிட நன்றாக வேலை செய்கிறது. சேம்பரில் யாருக்கு இடம் இருக்கிறது என்பது சீனியரைவிடக் குமாஸ்தாவுக்குத்தான் முதலில் தெரியும்.

‘டெல் மீ அபவுட் யுவர்செல்ஃப்’ என்று தொடங்கினால் என்ன சொல்வது? மனப்பாடம் செய்துகொண்டு போகலாமா?

ஒன்றரை நிமிடத்துக்குள் முடியும்படி, கல்லூரியும் ஆண்டும், இதுவரை செய்த வேலையில் ஒன்று, இங்கே வர விரும்பும் காரணம் என்ற வரிசையில் சொன்னால் போதும். பெயருக்கு முன் ‘மைசெல்ஃப்’ போடுவது, ‘ஐ ஆம் ஹேவிங் இன்ட்ரஸ்ட்’ என்பது, ‘டிஸ்கஸ் அபவுட்’ என்பது ஆகிய மூன்றையும் திருத்திக்கொள்ளுங்கள். நம்மவர்களிடம் அடிக்கடி கேட்கும் பிழைகள் இவை. மற்ற சிறு பிழைகளுக்காகப் பேச்சை நிறுத்தித் திருத்த வேண்டாம். அப்படி நிறுத்துவதுதான் பிழையைவிட அதிகம் கவனிக்கப்படும்.

சொற்களை மனப்பாடம் செய்தால், இடையில் ஒரு கேள்வி வந்ததும் இழை அறுந்துவிடும். சொல்லப்போகும் செய்திகளின் வரிசையை மட்டும் மனத்தில் வைத்துக்கொண்டு, ஒவ்வொரு முறையும் வேறு வாக்கியங்களில் சொல்லிப் பழகுங்கள். வந்த காரணத்தைக் கேட்கும்போது அந்தச் சேம்பர் என்ன வகை வழக்குகள் நடத்துகிறது என்று தெரிந்திருக்க வேண்டும். இந்தியன் கானூன் தளத்தில் வழக்கறிஞரின் பெயரைத் தேடினால், அவர் ஆஜரான வழக்குகளின் தீர்ப்புகள் கட்டணமின்றிக் கிடைக்கும். அவற்றில் ஒன்றைப் படித்துவிட்டுச் செல்பவர் மிகச் சிலரே.

சட்டத்தில் எதைக் கேட்பார்கள்? பழைய சட்டத்தைப் படிப்பதா, புதியதையா?

உங்கள் ஆண்டுப் பாடங்களும் ரெஸ்யூமில் எழுதியவையும்தான் எல்லை. குற்றவியலில் இரண்டும் தெரிந்திருக்க வேண்டும். 2024 ஜூலை 1 முதல் இந்திய தண்டனைச் சட்டம், குற்றவியல் நடைமுறைச் சட்டம், சாட்சியச் சட்டம் ஆகியவற்றுக்குப் பதிலாக முறையே பாரதிய நியாய சன்ஹிதா, பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா, பாரதிய சாக்ஷ்ய அதிநியம் ஆகிய மூன்றும் நடைமுறையில் இருந்தாலும், அதற்கு முன் நடந்த குற்றங்களுக்கு இந்திய தண்டனைச் சட்டமே பொருந்தும். அந்த வழக்குகள் இன்னும் பல ஆண்டுகள் நடக்கும். கொலைக்கான தண்டனை பழைய தண்டனைச் சட்டத்தின் 302-ஆம் பிரிவிலிருந்து நியாய சன்ஹிதாவின் 103-க்கும், முன்ஜாமீன் பழைய நடைமுறைச் சட்டத்தின் 438-லிருந்து நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 482-க்கும், உயர் நீதிமன்றத்தின் உள்ளார்ந்த அதிகாரம் அதே பழைய நடைமுறைச் சட்டத்தின் 482-லிருந்து புதியதன் 528-க்கும் மாறியிருக்கின்றன. ‘482-இல் மனு’ என்று இன்று ஒருவர் சொன்னால் எந்தச் சட்டத்தின் 482 என்று கேட்டுக்கொள்வதே சரியான விடையின் தொடக்கம். வேண்டுமென்றே இந்தக் குழப்பத்தை வைத்துக் கேள்வி கேட்பவர்கள் இருக்கிறார்கள்.

காலக்கெடு சார்ந்த கேள்விகளும் வரும். காசோலை வழக்கு அதற்கு நல்ல உதாரணம்: காசோலை பணமாகாமல் திரும்பியதாக வங்கியிடமிருந்து தகவல் கிடைத்த 30 நாட்களுக்குள் அறிவிப்பு, அறிவிப்பு பெற்ற 15 நாட்களுக்குள் பணம் தர வாய்ப்பு, அதன்பின் ஒரு மாதத்துக்குள் புகார். இதை ஆங்கிலத்தில் மூன்று வாக்கியங்களில் தடங்கலின்றிச் சொல்லிப் பாருங்கள்.

எனக்குத் தீர்ப்பு தெரியும், ஆனால் ஆங்கிலத்தில் சொல்லத் தொடங்கினால் எங்கெங்கோ போய்விடுகிறது. எப்படிச் சொல்வது?

இந்தக் கேள்விதான் அதிகம் வருகிறது. சம்பவம், கேள்வி, முடிவு, காரணம் என்ற வரிசையை விட்டு விலகாமல், ஒவ்வொன்றுக்கும் இரண்டு வாக்கியம் மட்டும் ஒதுக்குங்கள். லலிதா குமாரி எதிர் உத்தரப் பிரதேச அரசு வழக்கை எடுத்துக்கொள்வோம். சம்பவம்: சிறுமி ஒருத்தி கடத்தப்பட்டதாக அவளுடைய தந்தை கொடுத்த புகாரைக் காவல் நிலையம் உடனே பதிவு செய்யவில்லை. கேள்வி: பிடியாணையின்றிக் கைது செய்யத்தக்க குற்றத்தைப் புகார் வெளிப்படுத்தினால், முதல் தகவல் அறிக்கை பதிவு செய்வது கட்டாயமா, காவல் அதிகாரியின் விருப்பமா? முடிவு: 2013 நவம்பரில் ஐந்து நீதிபதிகள் கொண்ட அரசமைப்பு அமர்வு அது கட்டாயம் என்றது. குடும்பத் தகராறு, வணிகக் குற்றம், மருத்துவ அலட்சியம், ஊழல் முதலிய சில வகைகளில் மட்டும் பூர்வாங்க விசாரணைக்கு இடம் தந்தது. காரணம்: குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 154-ஆம் பிரிவின் வாசகம் அதிகாரிக்குத் தெரிவுரிமை தரவில்லை. தீர்ப்பை எழுதியவர் அப்போதைய தலைமை நீதிபதி பி. சதாசிவம். அவர் சென்னை அரசு சட்டக் கல்லூரியில் படித்தவர் என்பதையும் தெரிந்துகொள்ளலாம்.

இதைச் சொல்லி முடித்ததும் அடுத்த கேள்வி எங்கிருந்து வரும் என்பதையும் எதிர்பார்க்க வேண்டும். புதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 173(3), மூன்று ஆண்டு முதல் ஏழு ஆண்டுக்குக் குறைவான தண்டனை கொண்ட குற்றங்களில், துணைக் கண்காணிப்பாளரின் முன் அனுமதியோடு 14 நாட்களுக்குள் பூர்வாங்க விசாரணை நடத்த வழி செய்கிறது. அது லலிதா குமாரி தீர்ப்பைக் குறுக்குகிறதா என்று கேட்டால், இரு பக்க வாதத்தையும் ஒவ்வொரு வாக்கியத்தில் சொல்லிவிட்டு உங்கள் கருத்தைச் சொல்லுங்கள். இப்படி ஐந்து தீர்ப்புகளைத் தயார் செய்தவர், ஐம்பது தீர்ப்புகளின் பெயரை மட்டும் அறிந்தவரைவிட நன்றாகப் பேசுவார்.

வினைச்சொற்களையும் பொருத்தமாகப் பழகுங்கள். சூட் (சிவில் வழக்கு) ‘டிக்ரீட்’ ஆகும் அல்லது ‘டிஸ்மிஸ்ட்’ ஆகும். அப்பீல் ‘அலவ்ட்’ ஆகும். குற்றம் சாட்டப்பட்டவர் ‘கன்விக்டட்’ அல்லது ‘அக்விட்டட்’ ஆவார். ‘அப்பீல் அக்விட்டட்’ என்று சொன்னால், மற்ற ஆங்கிலம் எவ்வளவு சரளமாக இருந்தாலும் பயனில்லை.

வீட்டில் ஆங்கிலம் பேச ஆள் இல்லை. தனியாக எப்படிப் பயிற்சி செய்வது?

மேலே சொன்ன நான்கு படிகளில் நாளுக்கு ஒரு தீர்ப்பைக் கைப்பேசியில் பதிவு செய்து, உடனே கேளுங்கள். எந்த இடத்தில் நின்றுபோகிறீர்கள் என்பது தெரியும். உச்ச நீதிமன்றத்தின் இஎஸ்சிஆர் தளத்தில் தீர்ப்புகள் கட்டணமின்றிக் கிடைக்கின்றன, சில தீர்ப்புகளுக்குத் தமிழ் மொழிபெயர்ப்பும் உண்டு. முதலில் தமிழில் படித்துப் பொருளைப் பிடித்துக்கொண்டு பின் ஆங்கில மூலத்துக்குப் போவது குறுக்கு வழியாகாது, நல்ல முறைதான்.

கேட்டுப் பழக, 2022 செப்டம்பர் முதல் நேரலையாக ஒளிபரப்பாகும் உச்ச நீதிமன்ற அரசமைப்பு அமர்வு விசாரணைகள் இருக்கின்றன. பல மாநிலத்து வழக்கறிஞர்களின் உச்சரிப்பு அங்கே கேட்கும். நாட்டின் உச்ச நீதிமன்றத்தில் வங்காள ஆங்கிலமும் மலையாள ஆங்கிலமும் பஞ்சாபி ஆங்கிலமும் வாதிடுவதைக் கேட்டபின், தம் உச்சரிப்பைப் பற்றிய கவலை பலருக்குப் பாதியாகக் குறைந்திருக்கிறது.

கேள்வியே புரியவில்லை என்றாலோ, விடை தெரியவில்லை என்றாலோ என்ன செய்வது?

இரண்டும் வேறு. புரியவில்லை என்றால் புரிந்த பகுதியை நீங்களே திருப்பிச் சொல்லி, ‘இதைத்தான் கேட்கிறீர்களா’ என்று ஆங்கிலத்தில் கேளுங்கள். விடை தெரியவில்லை என்றால் ‘தெரியவில்லை’ என்று சொல்லிவிட்டு, எந்தச் சட்டத்தில் எந்த அத்தியாயத்தில் தேடுவேன் என்று சேர்த்துச் சொல்லுங்கள். சீனியருக்கு வேண்டியது அந்தத் தேடும் வழிதான். இல்லாத தீர்ப்பை ஊகித்துச் சொல்பவரை எந்தச் சேம்பரும் ஏற்காது. அதன் விளைவை மாட்டா வழக்கில் பார்த்தோம். ஒரு சட்டச் சொல் ஆங்கிலத்தில் நினைவுக்கு வராவிட்டால், தமிழில் சொல்லலாமா என்று அனுமதி கேட்டுச் சொல்லிவிட்டு ஆங்கிலத்துக்குத் திரும்புங்கள். தமிழ்நாட்டுச் சேம்பர்களில் இதற்கு யாரும் முகம் சுளிப்பதில்லை.

நேர்காணலுக்கு எந்த உடை? கறுப்புக் கோட்டு வாங்கப் பணமில்லை.

நேர்காணலுக்குக் கோட்டு தேவையில்லை. வெள்ளைச் சட்டையும் கறுப்புக் கால்சட்டையும் மூடிய காலணியும், பெண்களுக்கு அடக்கமான நிறத்தில் சல்வாரோ புடவையோ போதும். இன்டர்ன்ஷிப்பின் போது கோட்டும் டையும் உண்டு என்றாலும், முழு உடை வாங்க இயலாதவர்களுக்கு எளிய மாற்றுடையைப் பார் கவுன்சில் விதியே அனுமதிக்கிறது.

முன்பு செய்த இன்டர்ன்ஷிப்பைப் பற்றி விவரமாகக் கேட்டால், கட்சிக்காரர் பெயரைச் சொல்லலாமா?

சொல்லக் கூடாது. சில சீனியர்கள் இதையே சோதனையாக வைத்துக் கேட்பார்கள். வழக்கறிஞருக்கும் கட்சிக்காரருக்கும் இடையிலான பேச்சின் இரகசியம், சாக்ஷ்ய அதிநியத்தின் 132-ஆம் பிரிவின்படி வழக்கறிஞரின் குமாஸ்தாக்களையும் பணியாளர்களையும் கட்டுப்படுத்துகிறது. இன்டர்ன் பணியாளரா என்ற வாதத்துக்குள் போகாமல் அதே ஒழுங்கைக் கடைப்பிடிப்பதே முறை. ‘சொத்துத் தகராறு ஒன்றில் வாதி தரப்பு’ என்ற அளவில் நிறுத்தி, சட்டக் கேள்வியையும் உங்கள் வேலையையும் பற்றி விரிவாகப் பேசுங்கள். அன்றன்று எழுதிய நாட்குறிப்பு இருந்தால் இதற்கான செய்தி கையிலேயே இருக்கும். அதிலும் பெயர்களுக்குப் பதில் முதல் எழுத்துகளை மட்டும் எழுதுவது நல்லது.

ஸ்டைபெண்ட் உண்டா என்று நேர்காணலிலேயே கேட்கலாமா? 20,000 ரூபாய் தர வேண்டும் என்று உயர் நீதிமன்றம் சொன்னதே?

2024-இல் சென்னை உயர் நீதிமன்றம் சொன்னது, பதிவு செய்த இளம் வழக்கறிஞர்களுக்கான குறைந்தபட்ச மாத உதவித்தொகை பற்றி: சென்னை, மதுரை, கோவையில் 20,000 ரூபாய், பிற மாவட்டங்களில் 15,000 ரூபாய். மாணவ இன்டர்ன்களை அது குறிக்கவில்லை. தனிச் சேம்பர்களில் பெரும்பாலும் ஒன்றும் கிடைக்காது, சில இடங்களில் பயணச் செலவு தருவார்கள். பெரிய நிறுவனங்கள் பல தருகின்றன. இடம் உறுதியானபின் கேட்பதில் தவறே இல்லை. வெளியூரிலிருந்து வந்து தங்க வேண்டியவர், செலவைத் தாங்க முடியுமா என்று தெரியாமல் ஒப்புக்கொள்வதைவிடக் கேட்டுவிடுவது மேல்.

ஒரு சேம்பரில் ஒப்புக்கொண்டுவிட்டேன். இப்போது பெரிய நிறுவனம் அதே தேதிக்குக் கூப்பிடுகிறது. என்ன செய்யட்டும்?

முதலில் நிறுவனத்திடம் வேறு மாதத்துக்கு மாற்ற முடியுமா என்று கேளுங்கள். பலமுறை முடிகிறது. முடியாது என்றால், சேம்பருக்குத் தொடங்கும் நாளுக்குக் குறைந்தது இரண்டு வாரங்களுக்கு முன்பாவது தொலைபேசியில் காரணத்தைச் சொல்லி விலகலாம். அதற்கும் குறைவான நாட்களே இருந்தால் ஒப்புக்கொண்ட இடத்துக்கே போக வேண்டும் என்பது என் கருத்து. எதுவும் சொல்லாமல் போகாமல் இருந்துவிடுவது மட்டும் கூடாது. பாரிமுனையில் எல்லாச் சேம்பர்களும் இரண்டு மூன்று தெருக்களுக்குள்தான் இருக்கின்றன, படிப்பு முடிந்து ஜூனியராகச் சேர இடம் தேடும்போதும் அதே கதவுகளைத்தான் தட்ட வேண்டியிருக்கும்.